தோற்பையின் மடிப்பை வீட்டிலேயே எடுத்தல்

இடம்பெயரும்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் வைத்துக் கொண்டுவந்த தோற்பை பல வீடுகளில் இன்னும் இருக்கின்றது. றங்குப்பெட்டியின் அடியில் நெடுநாள் மடிந்து கிடந்தால் அது விறைத்துப்போகும். அப்படியே இழுத்து விரித்தால் மடிந்த கோட்டிலேயே வெடித்துவிடும். பிறகு மழைநீர் உள்ளே போவதைத் தடுக்க முடியாது.

தோல் என்பது மெல்லிய நார்கள் பின்னிய பொருள். அதிலுள்ள ஈரமும் எண்ணெயும் வற்றும்போது நார்கள் வளைந்தபடியே இறுகிவிடுகின்றன. சிறிது ஈரம் கொடுத்தால் அவை மீண்டும் இளகும். ஆனால் நார் அறுந்து வெடித்த இடத்திற்கு இந்த வைத்தியம் பலிக்காது.

முதலில் அது தோல்தானா என்று பாருங்கள். வெட்டிய விளிம்பில் நார் நாராகத் தெரிந்தால் தோல். துணியின்மேல் பிளாஸ்டிக் பூச்சுத் தெரிந்தால் அது றெக்சின். நாம் இங்கு சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

பத்திரங்களை வெளியே எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் பையின் முழுப் பக்கத்தையும் ஒற்றுங்கள். மடிப்பை மட்டும் நனைத்தால் தண்ணீர்க் கறை வட்டமாக நிற்கும். தோல் இளகியதும் மடிப்பின் இருபுறமும் விரல்களால் மெல்ல நீவிவிட்டு, உள்ளே பழஞ்சீலைகளை இறுக்கமாக அடைத்து, நிழலில் இரண்டு நாள் வையுங்கள். புதினத்தாள் அடைத்தால் வெளிர்நிறத் தோலில் மை பிடிக்கும். இடுப்புப்பட்டி, பணப்பை போன்றவற்றை இரு துணிகளுக்கிடையே வைத்துப் பலகையால் அமுக்கி, மேலே இரண்டு செங்கல் வைத்தால் போதும். ஆழமான மடிப்பு ஒரேமுறையில் போகாது, மறுபடியும் செய்யுங்கள்.

அவசரப்பட்டு அடுப்படியிலோ உச்சி வெயிலிலோ காயவிடக் கூடாது. ஈரத்தோலில் கடும் சூடு பட்டால் அது சுருங்கிவிடும். பழைய அளவுக்கு மீளாது. கரி போட்ட ஸ்திரிக்கைப் பெட்டியின் சூட்டை அளவிட முடியாதாகையால் அதை நாம் சிபாரிசு செய்வதில்லை.

காய்ந்த பின் இரண்டு துளி தேங்காயெண்ணெயைத் துணியில் எடுத்துப் பூசலாம். தோலின் நிறம் சற்றுக் கறுக்கும். ஆகவே முதலில் மறைவான இடத்தில் பூசிப் பாருங்கள். கூடினால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும்.

சப்பாத்தின் முன்புறச் சுருக்கம் நடையால் வருவது; குறையுமேயன்றி முற்றாகப் போகாது.

மாரிகாலத்தில் தோற்பையைப் பொலித்தீனில் கட்டிவைத்தால் ஈரம் அடைபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். உறுதியைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வையுங்கள். பையைப் பருத்தித் துணியில் சுற்றி, மடியாமல் காற்றுப்படத் தொங்கவிடுங்கள்.