திரையில் பளிச்சென்ற படம் கணினியில் வெளிறுவது ஏன்?

புதிதாக மிரர்லெஸ் கேமரா வாங்கியவர்களின் முதல் புகார் இதுதான்: கேமராத் திரையில் அழகாக இருந்த படம், ரா கோப்பாகக் கணினியில் திறந்தால் சோகை பிடித்தாற்போல் கிடக்கிறது. கேமராவில் கோளாறு ஏதுமில்லை.

பழைய எஸ்.எல்.ஆரில் கண்ணாடி வழியே காட்சியையே பார்த்தோம். மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. வியூஃபைண்டரில் தெரிவது, சென்சார் வாங்கியதைக் கேமரா உடனுக்குடன் மெருகேற்றிக் காட்டும் காட்சி. ரா கோப்போ, சென்சார் பதிந்த எண்களை மெருகேற்றாமல் வைத்திருக்கும் சமைக்காத அரிசி.

சென்சாருக்கு நிறமே தெரியாது. ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற முறையில், ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒரே ஒரு வடிகட்டி. அவற்றில் பாதி பச்சை. விடுபட்ட இரு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் கணிக்கிறது. ஆக, நாம் ரசிக்கும் நிறத்தில் பெரும்பங்கு ஊகம்தான்!

அடுத்தது வெளிச்சம். ஒளி இரட்டித்தால் சென்சாரின் எண்ணும் இரட்டிக்கும். நம் கண் அப்படிப் பார்ப்பதில்லை. 14 பிட் ராவில் 16,384 படிகள். அதில் பாதி, மிகப் பிரகாசமான ஒரு ஸ்டாப்புக்கே (ஒளி ஒருமுறை இரட்டிக்கும் இடைவெளி) போய்விடும். கண்ணுக்கு ஏற்றபடி இதை வளைப்பதுதான் புராசஸிங்கின் முக்கிய வேலை. கேமராவே மெருகேற்றிச் சேமிக்கும் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகளே என்பதால், பிறகு திருத்த இடம் குறைவு.

படத்தின் வெளிச்சப் பரவலைத் திரையில் காட்டும் ஹிஸ்டோகிராமும் பெரும்பாலும் ஜேபெக்கை வைத்தே வரையப்படுகிறது. ஆகவே ராவில் எடுப்பவர்கள் கேமராவின் பட பாணியை (பிக்சர் ஸ்டைல்) ‘நியூட்ரல்’ ஆக்கிவிடுங்கள். திரை கொஞ்சம் உண்மை பேசும்.