பூசணி விளக்கும் சில எண்களும்

ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் அமெரிக்கத் தெருக்களில் பேய்களும் எலும்புக்கூடுகளும் சூனியக்காரிகளும் கூட்டமாக உலவக் காணலாம். அஞ்ச வேண்டா, அனைவரும் வேடமிட்ட சிறுவர் சிறுமியரே. ‘இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?’ என்று வீடுதோறும் கேட்டுப் பை நிறைய மிட்டாயுடன் திரும்புவர். இவ்விழாவின் பெயர் ஹாலோவீன்.

இதன் வேர் அயர்லாந்தில் உள்ளது. குளிர்காலம் தொடங்கும் அவ்விரவில் இறந்தோரின் ஆவிகள் உலவும் என அங்குள்ளோர் நம்பினர். டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வைத்தனர். 1845இல் தொடங்கிய கொடும் பஞ்சத்தால் அம்மக்கள் பெருந்திரளாக அமெரிக்காவில் குடியேறினர். அங்கே குடைவதற்கு எளிதான பெரிய பூசணி கிடைத்தது, கிழங்கு மறைந்தது. பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டமே. நாம் அதனைப் ‘பரங்கிக்காய்’ என்று அழைப்பதிலும் அது கடல் கடந்து வந்த செய்தி ஒளிந்துள்ளது. 2023இல் கலிபோர்னியாவில் நடந்த போட்டியில் வென்ற பூசணியின் எடை 1,247 கிலோ! ஒரு சிறிய காரே அவ்வளவு கனக்காது.

அதே ஆண்டு அமெரிக்கர் இவ்விழாவுக்கு 1,220 கோடி டாலர் செலவிடுவர் என வணிகர் சங்கத்தின் கணக்கெடுப்பு மதிப்பிட்டது. அதில் மிட்டாய்க்கு 360 கோடி. நாய், பூனைகளுக்கு வேடமிட மட்டும் 70 கோடி!

அயலார் தரும் மிட்டாயில் நஞ்சு இருக்குமோ என்னும் அச்சம் அந்நாட்டுப் பெற்றோரிடம் நெடுங்காலமாக உண்டு. ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியல் பேராசிரியர் 1958 முதலான செய்திகளை ஆராய்ந்தார். முன்பின் அறியாதவர் கொடுத்த இனிப்பால் ஒரு குழந்தையேனும் இறந்ததற்கு அவருக்குச் சான்று கிடைக்கவில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருந்தது. 1975 முதல் 2016 வரையிலான சாலை விபத்துகளை ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அவ்விழா மாலையை, ஒரு வாரம் முன்னும் பின்னும் வரும் மாலைகளோடு ஒப்பிட்டனர். நடந்து செல்வோர் விபத்தில் இறக்கும் வாய்ப்பு அன்று 43 விழுக்காடு மிகுதி. மற்ற மாலைகளில் அது 100 என்றால், அன்று 143 என்று கொள்க. நான்கு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கோ ஏறத்தாழப் பத்து மடங்கு!

காரணம் எளிது. இருள் சூழும் நேரம், கறுப்பு உடை, பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் முகமூடி, மிட்டாய் ஆவலில் சாலையின் குறுக்கே ஓடும் கால்கள். ஆகவே முகமூடிக்கு மாற்றாக முகத்தில் வண்ணம் தீட்டுமாறும், உடையிலும் பையிலும் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளை ஒட்டுமாறும் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.