டிக்கெட் இல்லாத நுகர்வோர்

நம் ஊர்க் கேளிக்கைப் பூங்காக்கள் பலவற்றில் குழந்தையின் உயரத்தை அளந்துதான் டிக்கெட் போடுகிறார்கள். நிற்கவே தெரியாத கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது. "காசா பணமா, தூக்கிட்டுப் போயிடலாம்" என்று ஒரு வயதுகூட ஆகாத பிள்ளையும் பயணத்தில் சேர்ந்துவிடுகிறது. மூத்த பிள்ளையின் ஆசைக்காகவும், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததாலும் பலர் அப்படித்தான் போகிறார்கள். போவது தவறில்லை. டிக்கெட் எடுக்காத பிள்ளைக்கு அங்கே உரிமையும் இல்லை என்று நினைப்பதுதான் தவறு.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பணம் கொடுத்தவரோடு, அவர் சம்மதத்துடன் அந்தச் சேவையைப் பெறுபவரையும் நுகர்வோர் என்கிறது. தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கில், முந்தைய சட்டத்தின் கீழேயே, 1998-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பிள்ளையும் நுகர்வோர், பெற்றோரும் நுகர்வோர். எனவே உடைந்த கைப்பிடியாலோ, பாசி படிந்த தரையாலோ குழந்தை அடிபட்டால், "அதுக்கு டிக்கெட்டே எடுக்கலையே" என்ற பதிலோடு நிர்வாகம் தப்பித்துவிட முடியாது.

சட்டம் பிறகு வரும். வெயில் முதலில் வரும். பள்ளிக்கூடம் லீவு விடுவதும் கத்திரி தொடங்குவதும் ஒரே சமயத்தில்தான். கைக்குழந்தையின் உடம்புக்கு வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் குறைவு. ஆறு மாதம் நிரம்பாத பிள்ளைக்குத் தாகத்துக்கென்று தண்ணீர் தரக் கூடாது. தாய்ப்பாலையோ பால்மாவையோ வழக்கத்தைவிட அடிக்கடி தர வேண்டும். அந்த வயதில் சன்ஸ்கிரீனையும் மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. நிழலும் தளர்வான பருத்தி உடையும் தொப்பியும் போதும். தள்ளுவண்டியின் மேல் துப்பட்டாவைப் போர்த்தி மூடுவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். காற்று அடைபட்டு உள்ளே வெப்பம் ஏறும். அதைவிடத் திறந்த வண்டியை நிழலில் நிறுத்துவது மேல்.

டயப்பர் மணிக்கணக்கில் நனையாமல் இருந்தாலோ, உச்சிக்குழி உள்வாங்கினாலோ, பால் குடிக்காமல் பிள்ளை துவண்டு கிடந்தாலோ, அடுத்த ராட்டினத்தை மறந்துவிட்டு முதலுதவி அறைக்குப் போங்கள். தேவைப்பட்டால் 108-ஐ அழையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தண்ணீர் விளையாட்டுகளைப் பொறுத்தவரை, ஆறு மாதத்துக்குள் வேண்டவே வேண்டாம் என்பேன். பிள்ளைகளின் உடம்பு தண்ணீரில் சீக்கிரம் குளிர்ந்துவிடும். நீச்சல் டயப்பர் கிருமிகள் கசிவதை முழுதாகத் தடுக்காது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற கிருமி குளோரின் கலந்த நீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். அடி ஆழமே இல்லாத நீரிலும் குழந்தை சத்தமில்லாமல் மூழ்கிவிடும் என்பதையும் மறக்கக் கூடாது. கூட்டம் வேறு. நம் நாட்டு அட்டவணைப்படி தட்டம்மைக்கான முதல் தடுப்பூசியே ஒன்பதாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. இப்போதே போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் அதுவரை பொறுத்திருக்கலாம்.

அப்பா குழந்தையைப் பிடித்துக்கொள்ள, அம்மா ராட்டினம் ஏறுவார். பிறகு ஆள் மாற்றிக்கொள்வார்கள். 2025 மே மாதக் கடைசியில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்கா ஒன்றில் ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மணிக்கணக்கில் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையினர் வந்துதான் இறக்கினார்கள். அடிக்கடி நடப்பதில்லைதான். இருந்தாலும் கீழே இருப்பவர் கையில் குழந்தை மட்டும் இருந்தால் போதாது. பால், டயப்பர், செல்போன், கார் சாவி எல்லாம் அவரிடமே இருக்கட்டும். லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியோடு மேலே போய்விடாதீர்கள்.

நுழைவாயிலில் பையைச் சோதிக்கும்போதுதான் பெரும்பாலும் முதல் தகராறு. வெளி உணவுக்கு அனுமதி இல்லை என்று புட்டிப் பாலையும் கஞ்சி டப்பாவையும் எடுத்து வைக்கச் சொல்வார்கள். 2023 ஜனவரியில் திரையரங்குகள் தொடர்பான வழக்கில், வெளி உணவைத் தடுக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் அளவோடு கொண்டுவரும் உணவை அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. பூங்காவைக் குறித்த தீர்ப்பு இல்லை அது. ஆனாலும் வாயிற்காவலரிடம் வாதிடாமல் மேலாளரை அழைத்து எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் வேலை முடியும். பாலூட்டும் அறை எங்கே என்று டிக்கெட் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. "இங்கே உட்காராதீங்க" என்று யாராவது விரட்டினால் கூனிக் குறுக வேண்டியதில்லை.

"விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையைப் பார்த்தே பலர் புகாரைக் கைவிட்டுவிடுகிறார்கள். பலகை எழுதி வைத்துவிட்டால் அஜாக்கிரதை மன்னிக்கப்பட்டுவிடாது. அடிபட்ட இடத்தையும், அந்தப் பலகையையும் சேர்த்துப் படம் எடுங்கள். முதலுதவி அறைப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கிருந்தே பூங்காவின் மின்னஞ்சலுக்கு நடந்ததை அனுப்பிவிடுங்கள். டிக்கெட் ரசீதையும் மருத்துவமனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பூங்கா எந்த மாவட்டத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பூங்கா டிக்கெட் அந்தத் தொகையை எங்கே தொடப்போகிறது? வக்கீல் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் இழுக்கும். மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். விசாரணையைக் காணொலி வழியே நடத்தக் கோரியும் விண்ணப்பிக்கலாம். கைக்குழந்தையோடு ஆணையத்துக்கு அலைய முடியாத தாய்மார்கள் அதைக் கேட்டுப் பெறலாம்.