தோட்ட வேலைக்கு அட்வான்ஸ் எவ்வளவு? செடி இறக்கும் முன் பணக் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள்!

ராணிப்பேட்டை மாவட்டம், மேல்விஷாரம். பாலாற்றங்கரையில் தோல் தொழிலை நம்பி வளர்ந்த ஊர். தொழிற்சாலைகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, வளாகத்தில் குறிப்பிட்ட அளவு பசுமைப் பரப்பு வேண்டும் என்று நிபந்தனை வைப்பது வழக்கம். பள்ளி, கல்லூரி, திருமண மண்டபம், புதுவீடு என்று புல்வெளியும் செடியும் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்த வேலையை எடுத்துச் செய்வது பெரும்பாலும் நாற்றங்கால் வைத்திருக்கும் விவசாயிகள்தான். செடி வளர்க்கத் தெரிந்த அவர்கள் சறுக்குவது பணம் வாங்கும் இடத்தில். ‘பெரிய இடம், பணம் எங்கே போய்விடும்?’ என்று கொஞ்சம் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, நகையை அடகு வைத்து லோடு இறக்குகிறார்கள். மூன்று மாதம் கழித்து நாலு செடி காய்ந்தால், மொத்த பாக்கியும் நின்றுபோகிறது.

10 சதவீத அட்வான்ஸ் ஏன் ஆபத்து?

எடுத்துக்காட்டாக, 3 லட்சம் ரூபாய்க்கு ஒரு தோட்ட வேலை என்று வைத்துக்கொள்வோம். செடி, புல் 1,50,000 ரூபாய். செம்மண், எரு, ஜிப்சம் 60,000. ஆள் கூலி, டிராக்டர் வாடகை 60,000. ஆக, செலவு 2,70,000. ஒப்பந்தம் எடுத்தவருக்கு மிஞ்சுவது 30,000.

10 சதவீத அட்வான்ஸ் என்றால் கையில் வருவது 30,000. மீதி 2,40,000 ரூபாயை அவரே புரட்ட வேண்டும். ஆந்திராவின் கடியம் நர்சரிகளிலிருந்து செடி வரவழைத்தால், அங்கேயும் முன்பணம் கேட்பார்கள். பணம் வர நான்கு மாதம் தள்ளிப்போனால், கிடைக்கவேண்டிய 30,000-ல் பெரும்பகுதியை வட்டியே தின்றுவிடும்.

அதற்காக முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்பதும் நியாயமில்லை. அட்வான்ஸை வாங்கிக்கொண்டு பாதி வேலையில் போனவர்களைப் பார்த்துச் சூடுபட்டவர்களும் உண்டு. கொடுத்த பணத்துக்கு ஈடான வேலையோ பொருளோ தன் மண்ணில் தெரியவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பது சரிதான்.

வேலையோடு நகரும் ஐந்து தவணை

தவணையைத் தேதியோடு கட்டாமல், கண்ணால் பார்க்கக்கூடிய வேலையோடு கட்டினால் இரு தரப்புக்கும் பாதுகாப்பு.

1. ஒப்பந்தம் எழுதும் நாளில் 30 சதவீதம் (90,000). மண், எரு, முதல் கட்டக் கூலிக்கு இது சரியாக இருக்கும்.

2. மண் சீரமைத்து, குழி எடுத்து, தண்ணீர்க் குழாய் போட்டு முடித்ததும் 25 சதவீதம் (75,000). செடிக்கு முன்பணம் கட்ட இது உதவும்.

3. லோடு வந்து, இரு தரப்பும் செடிகளை எண்ணிப் பார்த்ததும் 20 சதவீதம் (60,000).

4. நடவு முடிந்ததும் 15 சதவீதம் (45,000).

5. நடவு முடிந்த 90-ம் நாள், பிழைத்த செடிகளைக் கணக்கெடுத்ததும் 10 சதவீதம் (30,000).

இந்தக் கணக்கில் ஒப்பந்தக்காரர் தன் கையிலிருந்து போடுவது, லோடு இறங்கும் நாளில் சுமார் 15,000 ரூபாய்தான். நான்காம் தவணையில் அதுவும் திரும்பிவிடும். ஆனால், கடைசி 10 சதவீதம்தான் அவருடைய மொத்த லாபம். செடி காய்ந்த தகராறு அந்தப் பணத்தின் மேல்தான் வந்து நிற்கும்.

செடி காய்ந்தால் யார் பொறுப்பு?

தோல் தொழிற்சாலைப் பகுதிகளுக்கு இது முக்கியமான கேள்வி. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றதாகிவிட்டது என்ற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணில் செடி காய்ந்தால், நட்டவர் தவறா, மண்ணின் குறையா, தண்ணீரின் உப்பா என்று பின்னால் நிரூபிப்பது கடினம்.

அதனால், கொட்டேஷன் கொடுக்கும் முன்பே மண், தண்ணீர் இரண்டையும் பரிசோதிக்க வேண்டும். வேலூர் அருகே விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை இதற்கு அணுகலாம். மண்ணின் மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் (டெசி சைமன் அளவில்) இருந்தால் அது உவர் மண். பாசன நீரில் அதே அளவு 3-ஐத் தாண்டினால் பெரும்பாலான அழகுச்செடிகள் தாங்காது. கார அமிலத் தன்மை 8.5-க்கு மேல் போனால் அது களர் மண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜிப்சம் அதற்குத்தான் உதவும். உவர் மண்ணுக்கு வடிகாலும் நல்ல தண்ணீரும்தான் மருந்து. கார மண்ணில் இட்லிப்பூச் செடி வைத்தால் இலை வெளுக்கும். புங்கன், பூவரசு, வேம்பு, சவுக்கு ஓரளவு தாங்கும். புல்வெளிக்கு அருகம்புல் வகைகள் உப்பைத் தாங்கக்கூடியவை.

பரிசோதனை முடிவின் நகலை ஒப்பந்தத்தோடு இணைத்து, மூன்று வரிகளைச் சேர்த்து எழுதவேண்டும். தினமும் தண்ணீர் விடுவது யார்? எத்தனை சதவீதம் வரை காய்ந்த செடிகளை ஒப்பந்தக்காரர் இலவசமாக மாற்றித் தருவார்? தண்ணீர் நின்றுபோனாலோ, மாடு மேய்ந்தாலோ, கழிவுநீர் பாய்ந்தாலோ மாற்றுச் செடிக்கான செலவு யாருடையது? உரிமையாளரின் ஆட்கள்தான் தண்ணீர் விடுகிறார்கள் என்றால், வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துத் தேதியுடன் படம் எடுத்து வைப்பது நல்லது.

பணம் வராவிட்டால்...

நாற்று வளர்ப்பு விவசாயத்தில் சேர்வதால், அந்தப் பெயரில் ‘உத்யம்’ பதிவு கிடைக்காது. தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் சேவை என்று பதியலாம். வேலை எடுக்கும் முன்பே பதிந்திருக்க வேண்டும். 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள் பணம் தரவேண்டும். அந்தக் கெடு 45 நாளைத் தாண்டக் கூடாது. எதுவும் எழுதாவிட்டால் கெடு 15 நாள். தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். வேலையை மொத்த ஒப்பந்தமாக எடுத்தால் இந்தச் சட்டம் பொருந்துமா என்று வாதம் எழுவதுண்டு. அதனால் செடி, மண், கூலி எல்லாவற்றையும் பில்லில் தனித்தனியாகக் காட்டுவது உதவும்.

வாசகர் கேள்விகள்

அட்வான்ஸ் கொடுத்தவர் வேலை வேண்டாம் என்கிறார். பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா?

‘அச்சாரம்’, ‘அட்வான்ஸ்’ எதுவானாலும், ரத்தானால் எவ்வளவு பிடிக்கலாம் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பிடிக்க 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு இடம் தராது. வாங்கிய மண், எரு ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கடைசித் தவணைக்குக் கொடுத்த காசோலை திரும்பிவிட்டது. என்ன செய்வது?

வங்கியிலிருந்து தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவேண்டும். நாள் தவறினால் வழக்கு பலவீனமாகிவிடும்.

இரண்டு வருடமாகப் பாக்கி நிற்கிறது. இனி கேட்க முடியுமா?

வேலை முடிந்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் வழக்குப் போடவேண்டும். அந்தக் கெடு முடிவதற்குள் ‘இவ்வளவு பாக்கி உண்டு’ என்று அவரிடம் கையெழுத்துடன் எழுதி வாங்கினால், அந்த நாளிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டு கிடைக்கும். இன்றே ஒரு கடிதத்தோடு போய்ப் பாருங்கள்.