ஜாமீன் கிடைத்தது, ஜாமீன்தாரர் கிடைக்கவில்லை

ஆரணி பக்கத்துக் காலனிப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். பிறந்தது செய்யாறு பக்கம். வாழ்க்கைப்பட்டது திருமலைப் பக்கம். கணவர் விட்டுப் போய்விட்டார். பட்டுத் தறிக்குத் தார் சுற்றும் கூலியில் பிள்ளைகளை வளர்க்கிறாள். அவள் மேல் ஒரு திருட்டு வழக்கு விழுகிறது. வேலூர் பெண்கள் சிறைக்கு அனுப்புகிறார்கள். சில நாளில் ஜாமீனும் கிடைத்துவிடுகிறது. ஆனாலும் அவள் வெளியே வரவில்லை.

ஏன்? இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும், உள்ளூர்க்காரராகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வீட்டு வரி ரசீதும் சொத்து மதிப்புச் சான்றும் வேண்டும். இந்த நிபந்தனையை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோலத்தான் போடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் இருக்கிறது என்கிறோம் நாம்.

ஆண் பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே இருக்கிறான். அண்ணன், தம்பி, பங்காளி எல்லாம் அதே தெருவில். பெண்ணுக்கு ரத்த உறவு என்றால் தாய்வீடு. அது வேறு ஊர், பல நேரம் வேறு மாவட்டம். ரத்த உறவைக் கூட்டி வந்தால் உள்ளூர் இல்லை என்பார்கள். உள்ளூர்க்காரரைக் கூட்டி வந்தால் ரத்த உறவு இல்லை. கல்யாணம் கட்டி வெளியூர் போனதற்கு இப்படியும் ஒரு தண்டனை!

இன்னொன்றும் உண்டு. புருஷன் உள்ளே போனால் பெண்டாட்டி கம்மலை அடகு வைத்து வக்கீல் வீட்டுக்கு அலைகிறாள். பெண்டாட்டி உள்ளே போனால் அலைவதற்கு யார் இருக்கிறார்கள்? மானம் போச்சு என்று புகுந்த வீடு கதவைச் சாத்திக்கொள்கிறது.

சொத்துக் கதை நம் மக்களுக்குத் தெரிந்ததுதான். 1892-ல் வெள்ளைக்காரன் அரசு பஞ்சமி நிலம் என்று ஒதுக்கியதே பல ஊர்களில் நம் கையில் இல்லை. இருக்கிற துண்டு மனையும் ஆம்பிளை பேரில். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் பெண்கள் பெயரில் நடக்கும் சாகுபடிப் பிடிகள் சுமார் 14 சதவீதம்தான். இது எல்லாச் சாதிக்கும் சேர்த்த கணக்கு. சொத்துக் காகிதத்தைக் காட்டு, விடுகிறேன் என்றால் தலித் பெண் எதைக் காட்டுவாள்?

சட்டம் பெண்ணைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480-வது பிரிவு, கடுமையான வழக்கிலும் பெண் என்ற காரணத்துக்காக ஜாமீனில் விடலாம் என்கிறது. 478-வது பிரிவு, ஜாமீனில் விடக்கூடிய குற்றங்களில் ஒரு வாரத்துக்குள் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாதவரை ஏழை என்றே கருதி, சொந்தப் பிணையில் விடச் சொல்கிறது.

உள்ளூர் ஜாமீன் என்ற பிடிவாதமும் புதிதல்ல. மத்தியப் பிரதேசத்தில் மோதிராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள். அவருடைய சகோதரர் வேறு மாவட்டம் என்று சொல்லி அவரது ஜாமீனை ஏற்கவில்லை. 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, தொகையை 1,000 ஆகக் குறைத்தார். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் சொன்னது: உள்ளூர் ஜாமீன்தாரர் கேட்பதால் விடுதலை தாமதமாகிறது, அந்த நிபந்தனையைத் தவிர்க்கலாம் என்று. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில், ஏழை விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 ரூபாய் வரையும் கட்ட வழி செய்யப்பட்டது. போதைப்பொருள், உபா போன்ற சில வழக்குகளுக்குக் கிடையாது.

குற்றம் நிரூபணமானாலும் சிறைதான் என்றில்லை. 1958-ம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத குற்றங்களில் நன்னடத்தை அலுவலரின் பார்வையில் வீட்டுக்கு அனுப்பலாம். கேட்டால்தான் பேச்சு எழும். பல வழக்குகளில் கேட்பதற்கு ஆள் இல்லை.

புதிய சட்டத்தில் சமூக சேவையும் ஒரு தண்டனை. 5,000 ரூபாய்க்குக் குறைவான முதல் திருட்டு, பொருளையும் திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சிறைக்குப் பதில் சமூக சேவை. நல்லதுதான். ஆனால் என்ன வேலை கொடுப்பார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். சிறைக்குள் சாதி பார்த்து வேலை பிரிக்கக் கூடாது என்று 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வெளியே நம் பெண்ணின் கையில் துடைப்பத்தைக் கொடுத்துத் தெருக் கூட்டச் சொன்னால், அது சமூக சேவையா, பழைய சாதித் தொழிலா?

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தெருவில் யாராவது உள்ளே இருந்தால், நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அந்த வீட்டாரோடு போங்கள். 15100-க்கும் போன் செய்யலாம். பட்டியல் சாதியார், பெண், காவலில் இருப்பவர், இந்த மூன்றில் எதுவானாலும் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம். வக்கீலிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: அவள் தாய்வீடு எந்த ஊர் என்பதை மனுவில் எழுதி, உள்ளூர் ஜாமீன் நிபந்தனையை நீக்கச் சொல்லிக் கேட்கட்டும்.