கண்டியில் விசுவாசமும் விஞ்ஞானமும்

1697ஆம் ஆண்டிலே கண்டி மாநகரில் வைசூரி பரவியது. அந்நோயின் காரணம் அக்காலத்தில் உலகில் எவருக்கும் தெரியாது. அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனும் அரண்மனையாரும் நகரைவிட்டு நீங்கினர். நோயுற்றோரை அவர்தம் உறவினரே காட்டோரங்களில் விட்டகன்றனர். அவ்வேளையில் நகரிலேயே தங்கி, நோயாளருக்கு ஒதுக்கிடம் அமைத்து, உணவூட்டி, புண்களைக் கழுவி, இறந்தோரை நல்லடக்கம் செய்தவர் கோவாவிலிருந்து வந்திருந்த கத்தோலிக்கக் குரு யோசேவாஸ். அவருக்குத் துணை நின்றவர் அவருடைய மருமகனான யோசே கார்வாலோ அடிகள். நோயாளர் எச்சமயத்தவர் என அவ்விருவரும் பார்க்கவில்லை.

அவர் செபம் செய்தார், ஐயமில்லை. ஆயினும் செபத்தைக் கஞ்சிக்கும் பணிவிடைக்கும் மாற்றாக வைக்கவில்லை. வைசூரிக்குத் தடை காணும் முறையை ஜென்னர் என்ற ஆங்கில வைத்தியர் 1796இல் கண்டறிந்தார். 1802இல் அம்மைப்பால் குத்தும் முறை இலங்கைக்கு வந்தது. 1980இல் அந்நோய் உலகினின்றே ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒழித்தது விஞ்ஞானம். ஆனால், அஃது இல்லாத காலத்தில் நோயாளியின் அருகே ஒரு மனிதனை அமரச் செய்தது எது என்னும் வினாவுக்கு நுண்ணோக்கியில் விடை கிடைப்பதில்லை. இரண்டும் இருவேறு வினாக்கள். கத்தோலிக்க விசுவாசத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் உள்ள உறவு இவ்வேறுபாட்டைக் கொண்டே விளங்கும். இதை மறந்தபோதெல்லாம் தவறு நேர்ந்திருக்கிறது.

கண்டி நகருக்கு அணித்தாக உள்ள அம்பிட்டியவில் பாப்பரசர் குருமடம் 1893இல் தொடங்கிற்று. பாரத நாட்டினின்றும் இலங்கையினின்றும் வந்த மாணவர்கள், தமிழர் உட்பட, அங்கே தத்துவமும் தேவசாஸ்திரமும் பயின்றனர். அதனை நிறுவச் செய்தவர் பதின்மூன்றாம் லியோ பாப்பரசர். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சிங்கராயர் என்பர். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1891இல், வத்திக்கானின் வான ஆராய்ச்சி நிலையத்தைப் புதுப்பித்து அமைத்தவரும் அவரே. குருமடம் தொடங்கிய 1893இன் நவம்பரிலே வேதாகமக் கல்வி பற்றி ஒரு சுற்றுமடலையும் அவர் வெளியிட்டார்.

அம்மடலில் கூறப்பட்ட ஒரு கருத்து எளிமையானது. வேதாகமத்தை எழுதியோர் வானத்தின் அமைப்பையோ உலகப் பொருள்களின் உள்ளியல்பையோ கற்பிக்க எழுதவில்லை. தம் காலத்து மக்கள் பேசியவாறே, கண்ணுக்குத் தோன்றியவாறே எழுதினர் என்பதே அது. அதற்குச் சான்றாக அவர் புனித அகுஸ்தீனாரைக் காட்டினார். ஹந்தானை மலைக்கு அப்பால் பொழுது சாய்ந்தது என்று கண்டியில் ஒருவர் சொன்னால், அவர் வானசாஸ்திரம் அறியாதவர் என எவரும் எண்ணுவதில்லை. அம்மலையடிவாரத்திலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பௌதிக ஆசிரியரும் மாலையில் வீடு திரும்புகையில் அப்படித்தான் பேசுவார். சூரியன் நின்றது என்று வேதாகமத்தில் வரும் வசனத்தையும் அவ்வாறே கொள்ளல் தகும்.

இவ்விளக்கம் எளிதாயினும், இதற்குத் திருச்சபை கொடுத்த விலை பெரிது. ஏறத்தாழ இதே கருத்தை, அதே அகுஸ்தீனாரைச் சான்றாகக் காட்டி, 1615இல் எழுதியவர் கலிலேயோ. பூமியே சூரியனைச் சுற்றுகிறது எனக் கொப்பர்னிக்கஸ் கூறியதை ஆதரித்தமைக்காக 1633இல் ரோமாபுரியில் அவர் விசாரிக்கப்பட்டார். தம் கொள்கையை மறுத்துரைக்கும்படி செய்யப்பட்டார். 1642இல் இறக்கும்வரை வீட்டுக்காவலில் இருந்தார். கலிலேயோவிடம் திட்டமான நிரூபணம் அன்று முழுமையாக இல்லை என்பதும், அவர் நாவு கூர்மையானது என்பதும் உண்மையே. ஆனால் அவை தண்டனைக்கு நியாயமாகா. தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலிலிருந்து அவருடைய நூல் 1835இல்தான் நீங்கியது. கலிலேயோவின் நீதிபதிகள் பிழைபட்டனர் என்பதை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாப்பரசர் 1992இல் வெளிப்படையாக எடுத்துரைத்தார். விசாரணைக்கும் அவ்வுரைக்கும் இடையே 359 ஆண்டுகள்!

மறுபுறத்துப் பிழையும் உண்டு. விஞ்ஞானத்தின் புதுக் கண்டுபிடிப்பு ஒன்றைக் கண்டவுடன், இதோ விசுவாசத்துக்குச் சாட்சி என்று விரைந்து பற்றிக்கொள்வதே அது. அம்பிட்டிய குருமடத்தைத் தொடக்கத்தில் நடத்திய யேசு சபையார் பெல்ஜிய நாட்டினர். அதே நாட்டில், லூவேன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த லெமேத்ர் என்ற கத்தோலிக்கக் குரு, அண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்பதை 1927இல் கணித்துக் காட்டினார். 1931இல் அதன் தொடக்கநிலையை ஓர் ஆதி அணுவாகக் கருதினார். 1951இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் தமது உரையொன்றில் இத்தகைய ஆராய்ச்சிகளைச் சிருட்டியோடு பொருத்திப் பேசியபோது, லெமேத்ர் மகிழவில்லை. தமது கொள்கை பௌதிகத்தைச் சேர்ந்தது, அது சமய வினாக்களுக்கு வெளியே நிற்பது என்பதே அவர் நிலை. குருவாயிருந்தும் அவ்வாறு சொன்னாரே என வியப்பவர் உண்டு. கணக்கு நாளை மாறினால் விசுவாசத்தையும் மாற்ற நேரிடுமே என்பதை அவர் அறிந்திருந்தார்.

யோசேவாஸ் அடிகள் 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே காலமானார். 1995இல் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறுபெற்றவர் நிலை அளிக்கப்பட்டது. இத்தகைய நடைமுறையிலும் விஞ்ஞானத்துக்கு ஓர் இடம் உண்டு. நோய் நீங்கியது அற்புதமென்று கூறப்படின், அதை முதலில் வைத்தியர் குழுவொன்று ஆராயும். அறிந்த வைத்திய முறைகளால் அதனை விளக்க இயலுமா, இயலாதா என்பதே அக்குழுவிடம் கேட்கப்படும் கேள்வி. அற்புதம் என்னும் சொல்லை வைத்தியர் சொல்வதில்லை. அது தேவசாஸ்திரிகளுக்கு உரியது. விளக்கம் உண்டு என வைத்தியர் கண்டால் வழக்கு அங்கேயே நின்றுவிடும்.

2014இல் பிரான்சிஸ் பாப்பரசர், யோசேவாஸ் அடிகளுக்கு இரண்டாவது அற்புதம் வேண்டும் என்ற விதியைத் தளர்த்தினார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் அவர் புனிதரென அறிவிக்கப்பட்டார். அம்பிட்டியவிலிருந்த பாப்பரசர் குருமடம் 1955இல் பூனா நகருக்கு மாற்றப்பட்டது. அவ்விடத்தில் இன்று இலங்கையின் தேசியக் குருமடம் இயங்குகிறது.