வாடிய குருத்தை விட்டு வைக்காதீர்கள்

2010ஆம் ஆண்டு கிளிநொச்சியில் மீளக்குடியேறியபோது எனக்கு மிஞ்சியவை இரண்டு பிள்ளைகளும் கால் ஏக்கர் காணியும்தான். கணவர் இல்லை. கிணற்றடியில் 40 கத்தரிக் கன்றுகள் நட்டேன். ஒரு மாத நாற்று, இரண்டடி இடைவெளி, அடியில் மாட்டெரு.

பூக்கும் நேரத்தில் குருத்துகள் வாடின. தண்ணீர் போதவில்லையென்று இன்னும் ஊற்றினேன். பிறகு காயெல்லாம் துளை. பக்கத்து வளவு அம்மா ஒரு குருத்தைப் பிளந்து காட்டினார். உள்ளே புழு!

"பிள்ளை, புழு உள்ளுக்கை இருக்கேக்கை மேலை மருந்தடிச்சு என்ன பிரயோசனம்?" என்றார்.

அன்று முதல் மூன்று நாளுக்கொரு தடவை வாடிய குருத்துகளையும் துளை விழுந்த காய்களையும் வெட்டி எரித்தேன். புதுக்கிளைகள் வந்தன, நல்ல காய்களும் வந்தன. அந்தக் காசில் பிள்ளைகளுக்குக் கொப்பிகள் வாங்கினேன், கடன் படாமல்.

சகோதரிகளே, காலையில் ஒருமுறை உங்கள் கத்தரிக் கன்றுகளையும் சுற்றிப் பாருங்கள்.